பனியன் கம்பெனியில் விரல் வெட்டு, காஸ்டிக் தெறிப்பு, ஷாக்: ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

கட்டிங்_டேபிள்

வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் முதலுதவிப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் எல்லாம் ஒரே கட்டடம். பின்னால் சின்னதாக ஒரு சாயப்பட்டறை, பாய்லர், கழிவுநீர்த் தொட்டி. பகல் ஷிஃப்டில் 170 பேர், ராத்திரி 40 பேர். பாதிப் பேருக்குமேல் ஒடிசா, பீகார் பிள்ளைகள்.

இருப்பது ஒரே ஒரு பெட்டி, அதுவும் ஆபீஸில் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பஞ்சு, டிஞ்சர், தலைவலி மாத்திரை, தீக்காயக் களிம்பு, அவ்வளவுதான்.

துணி அடுக்கை வெட்டும் பேண்ட் நைஃப் மெஷினில் விரல் போனால் என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விரல் அடியில் நூலை இறுக்கிக் கட்டு என்கிறார் ஒருவர். காப்பித்தூள் அப்பு என்கிறார் இன்னொருவர். துண்டான விரலை ஐஸில் போடு என்கிறார்கள். சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா என்ற அரிக்கும் காரம் பட்டால் அசிட்டிக் ஆசிட் ஊற்று என்கிறார்கள். எது சரி? பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவசரப்பிரிவு_செவிலி

விரலில் இருந்து தொடங்குகிறேன். பிறகு சரிசெய்யவே முடியாத தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

முதலில் மெஷினை நிறுத்துங்கள். அடிபட்டவரைத் தரையில் உட்கார வையுங்கள், முடிந்தால் படுக்க வையுங்கள். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து தலையில் அடிபட்டால் இரண்டாவது காயமும் சேர்ந்துகொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு, மடித்த காஸ் துணியைக் காயத்தின்மேல் வைத்து நேராக அழுத்துங்கள். கையை நெஞ்சு உயரத்துக்குமேல் தூக்கிப் பிடியுங்கள். முழுதாக 10 நிமிடம் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள், அடியில் இருப்பதை எடுக்க வேண்டாம்.

விரல் அடியில் நூல், ரப்பர் பேண்ட், எலாஸ்டிக் எதுவும் கட்டாதீர்கள். மெல்லிய கயிறு உள்ளே இருக்கும் ரத்தக்குழாயையும் நரம்பையும் நசுக்கிவிடும். விரலை மறுபடி ஒட்டவைக்கும் டாக்டர் இணைக்க வேண்டியது அதே குழாய்களைத்தான். விரலில் வரும் ரத்தம் அநேகமாக எப்போதும் அழுத்தினாலே நின்றுவிடும். முழுதாகத் துண்டான விரலைவிடப் பாதி வெட்டுப்பட்ட விரலில் ரத்தம் அதிகமாக வரும், பயப்பட வேண்டாம். முழுதாக அறுந்த குழாய் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், பாதி அறுந்ததால் அப்படிச் சுருங்க முடியாது.

துண்டான பகுதியைத் தேடுங்கள். பேண்ட் நைஃபில் போனது பெரும்பாலும் துணி அடுக்குக்குள்ளோ வெட்டுக் கழிவுக்குள்ளோ சிக்கியிருக்கும். நகக்கண் அளவு துண்டு என்றாலும் எடுத்துவைக்க வேண்டும், உதவுமா உதவாதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அடிபட்டவரை அனுப்புவதை மட்டும் தேடலுக்காகத் தாமதிக்காதீர்கள். கிடைத்ததும் பின்னாலேயே ஒருவர் கொண்டுபோகலாம்.

துண்டைச் சலைனில் ஒருமுறை லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். டிஞ்சர், ஸ்பிரிட், டெட்டால் எதுவும் படக்கூடாது. சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றுங்கள். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நீர் புகாமல் மூடுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்திருக்கும் இன்னொரு பையிலோ டப்பாவிலோ வையுங்கள். ஐஸ் சதையில் நேராகப் பட்டால் சதை உறைந்து செத்துவிடும். சலைனிலோ பாலிலோ மிதக்க விட்டால் ஊறி வெளுத்துவிடும். வெளிப்பையில் பெயரும் வெட்டுப்பட்ட நேரமும் எழுதுங்கள்.

விரலில் தசை கிடையாது என்பதால் இப்படிக் குளிராக வைத்தால் 24 மணிநேரம் வரைகூடத் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே தசையோடு போன கைக்கு, குளிரில் வைக்காவிட்டால், சுமார் 6 மணிநேரம்தான். ஆனாலும் சீக்கிரம் போகப்போக ஒட்டும் வாய்ப்பு கூடும்.

தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலை வெட்டி எடுத்துவிடாதீர்கள். அந்தத் தோல் வழியாக ஒரு சிறு குழாய் ஓடிக்கொண்டிருக்கலாம். ஈரக் காஸில் சுற்றி, அட்டை வைத்து, ஏறக்குறைய இயல்பான நிலையில் கட்டுங்கள்.

குடிக்கத் தண்ணீர், டீ, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய வயிறு காலியாக இருக்க வேண்டும். புறப்படும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விரல் ஒட்டும் வசதி உண்டா என்று கேளுங்கள். உங்களிடமிருந்து கோவை சுமார் 50 கிலோமீட்டர். அங்கே கங்கா மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

காப்பித்தூள், மஞ்சள், துணி எரித்த சாம்பல் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது நல்ல சதையும் சேர்ந்து போகிறது.

சாயப்பட்டறை_மாஸ்டர்

காஸ்டிக்குக்கு அசிட்டிக் ஊத்தற பழக்கம் ரொம்பப் பட்டறையில இருக்குங்க. தயவுசெஞ்சு விடுங்க. ஆசிடும் காரமும் சேர்ந்தா சூடு கிளம்பும். காஸ்டிக் புண்ணுமேல தீக்காயமும் சேரும். எது பட்டாலும் தண்ணிதான் மருந்து. அதுவும் ஓடற தண்ணி.

தோல்ல பட்டா உடனே குழாயடிக்குக் கொண்டுபோங்க. நனைஞ்ச துணி, செருப்பு, வாட்ச், அரைஞாண் கயிறு எல்லாத்தையும் தண்ணி ஓடிட்டு இருக்கும்போதே கழட்டுங்க. காஸ்டிக் செதில், பிளீச்சிங் பவுடர் மாதிரி காஞ்ச சரக்குன்னா முதல்ல கையுறை போட்டு உதறிவிட்டு அப்புறம் தண்ணி. ஆசிடுக்குக் குறைஞ்சது 20 நிமிஷம், காஸ்டிக்குக்கு 30 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம்.

காஸ்டிக் ஏன் மோசம்னா அது கொழுப்பைச் சோப்பாக்கிட்டு உள்ளே உள்ளே இறங்கிட்டே இருக்கும். ஆரம்பத்துல வலி பெருசாத் தெரியாது. அதனாலதான் பசங்க துடைச்சுட்டு வேலையைப் பார்க்கப் போயிடறாங்க. வழுவழுப்பு இருக்கறவரைக்கும் தோல்ல காஸ்டிக் இருக்குன்னு அர்த்தம். ஆசிடா காரமான்னு நிறம் மாறிக் காட்டற பி.எச். பேப்பர் நம்மகிட்ட எப்பவும் இருக்கு. தோலைத் தொட்டு வழியற தண்ணியையும் வெறும் குழாய்த் தண்ணியையும் சோதிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே நிறம் காட்டற வரைக்கும் நிறுத்தாதீங்க.

கண்ணுல பட்டா 20 நிமிஷத்துக்குக் குறையக்கூடாது, காஸ்டிக்குன்னா இன்னும் அதிகம். தலையைச் சாய்ச்சு, பாதிச்ச கண் கீழ்ப்பக்கம் இருக்கற மாதிரி வெச்சு, மூக்குப் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா ஊத்துங்க. இல்லைன்னா நல்ல கண்ணுக்கும் போயிடும். வலியில அவரால கண்ணைத் திறக்க முடியாது, இன்னொருத்தர் ரெண்டு இமையையும் விரலால பிரிச்சுப் பிடிக்கணும். டேங்க் கழுவற பிரஷர் ஓஸை அப்படியே அடிக்கக்கூடாது, மெதுவான ஓட்டம் போதும். ஆம்புலன்ஸ் வந்துட்டா வண்டியிலயும் சலைன் பாட்டிலால ஊத்திட்டே போகணும். கெமிக்கல் கேனோட லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்புங்க.

போர் தண்ணி உப்பா இருக்கேன்னு யோசிக்காதீங்க, அந்த நேரத்துக்கு அது போதும். கெமிக்கல் கலக்கற இடத்துல இருந்து கண் கழுவற குழாய் 10 நொடி நடையில இருக்கணும். நடுவுல டிரம், டிராலி நிறுத்தக்கூடாது.

ஹைட்ரோ (சோடியம் ஹைட்ரோசல்பைட் பவுடர்) டிரம்முக்குள்ள ஈரக்கையோ ஈர மக்கோ போகக்கூடாது. கொஞ்சம் தண்ணி பட்டாலே சூடேறித் தீப்பிடிக்கும், சல்பர் டையாக்சைடு கிளம்பும். ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச்சிங் திரவம்) ஆசிடும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க, கலந்தா குளோரின். புகை கிளம்பினா எல்லாரையும் காத்து வர்ற திசைப் பக்கம் வெளியேத்துங்க. மூச்சு திணறறவங்களைப் படுக்க வைக்காம உட்கார வைங்க.

கழிவுநீர்த் தொட்டியைப் பத்தி நீங்க கேட்கலை. ஆனா உங்க லிஸ்ட்லயே உயிர் போற இடம் அதுதான். தேங்கின சகதியைக் கிளறினா ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு கூடினா மூக்கு மரத்து நாத்தமே தெரியாமப் போகும், "வாயு போயிடுச்சு"ன்னு இறங்கினவன் ரெண்டு மூச்சுல விழுவான். ஒருத்தர் உள்ள விழுந்துட்டா யாரும் இறங்கக்கூடாது. மூக்குல துண்டு கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. தீயணைப்புக்கு, 101-க்கு போன் பண்ணுங்க, பிளோயர் இருந்தா வெளியில இருந்து நல்ல காத்தை உள்ள அடிங்க. இடுப்புல கயிறு கட்டியிருந்தா மேலே இருந்தே இழுங்க. ஆளைத் தூக்கப் போய் ரெண்டாவது ஆள், மூணாவது ஆள்னு சாகறது இப்படித்தாங்க.

கட்டிங்_டேபிள்

சிஸ்டர், மாஸ்டர் ரெண்டு பேருக்கும் நன்றி. பிரிண்ட் எடுத்து ஒட்டப்போகிறேன். இன்னும் நான்கு சந்தேகம். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் ஊசி விரலில் ஏறினால்? ஸ்டீம் அயர்ன் சுட்டால்? வலிப்பு வந்தால் இங்கே எல்லோரும் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள், அது சரியா? ஷாக் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஈபி_வயர்மேன்

ஷாக் பற்றி நான் சொல்கிறேன். ஆளைத் தொடாதே, மெயினை ஆஃப் செய். இதைத்தான் எல்லோர் மனதிலும் பதிய வைக்க வேண்டும். எந்த லைனுக்கு எந்த சுவிட்ச் என்று பேனலில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். பேனல் முன்னால் துணிக்கட்டு அடுக்காதீர்கள்.

ஆஃப் செய்ய வழியில்லை, 230 வோல்ட் லைன்தான் என்றால் காய்ந்த மரப்பலகைமேல் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் பைப்பாலோ வயரைத் தள்ளிவிடுங்கள். சாயப்பட்டறைத் தரை எப்போதும் ஈரம், அங்கே இந்த வழியும் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மர் அல்லது 11,000 வோல்ட் லைன் என்றால் 18 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தொடாமலே பாயும். சப்ளை நிறுத்தியதை ஈபி சொன்ன பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

விடுவித்ததும் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-க்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மீனைத் தரையில் போட்டதுபோல் அவ்வப்போது வாயைத் திறந்து இழுப்பதை மூச்சு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது மூச்சு இல்லை, இதயம் நின்றதன் அடையாளம்.

கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வையுங்கள். முழங்கையை மடக்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். பயிற்சி எடுத்தவர் என்றால் 30 அழுத்தலுக்கு 2 ஊதல், இல்லையென்றால் அழுத்தல் மட்டும் போதும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஆம்புலன்ஸ் ஆட்கள் கையில் எடுக்கும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து நடந்தாலும் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். இதயத் துடிப்பு பிறகும் தடம் மாறலாம். வெளியே ஒரு புள்ளி அளவு சுட்டிருந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கலாம்.

மின்கசிவு வந்தால் தானாக சப்ளையை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சை எல்லா அயர்ன் டேபிளுக்கும் போடச் சொல்லுங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதைக் கழற்றி பைபாஸ் செய்பவனை விடாதீர்கள்.

அவசரப்பிரிவு_செவிலி

கையை நெஞ்சில் வைக்கப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன்: விலா எலும்பு முறிந்தாலும் ஆறிவிடும், அழுத்தாமல் விட்ட நிமிடங்களில் மூளை சாகும்.

ஊசி: மோட்டாரை ஆஃப் செய்து, பேலன்ஸ் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றி ஊசியை மேலே ஏற்றுங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் ஊசி உள்ளே ஒடியும். பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். உங்களிடம் உடைந்த ஊசிக்கு ரெஜிஸ்டர் இருக்குமே, துண்டுகளை அதில் ஒட்டிப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும், எலும்பில் குத்தியதுபோல் வலித்தாலும் எக்ஸ்ரே. தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஆழமாக நிற்கும் ஊசியைப் பிடுங்காமல் சுற்றிலும் காஸ் வைத்து அசையாமல் கட்டி அனுப்புங்கள். டி.டி. ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் இந்தமாதிரி காயத்துக்கு மறுபடி போட வேண்டியிருக்கும். யார் எப்போது போட்டார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள்.

ஸ்டீம் சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். ஐஸ், பேஸ்ட், மாவு, இங்க், களிம்பு வேண்டாம். வீக்கம் வருமுன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான பிளாஸ்டிக் ஷீட்டை நீளவாக்கில் மேலே வைத்து மூடினால் போதும், சுற்றிக் கட்ட வேண்டாம். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு, அல்லது பாதிக்கப்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றால் ஆஸ்பத்திரி.

இரும்பு வலிப்பை நிறுத்தாது. அது பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும், அதனால்தான் சாவியால் நின்றதுபோல் தெரிகிறது. சாவி தேடும் நேரத்தில் ஆளை மெஷின் காலில் மோதாமல் காப்பாற்றலாம். தலைக்கடியில் துணி வையுங்கள், கையைக் காலைப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு வருமுன் மறுபடி வந்தாலோ, முதல்முறை என்றாலோ 108.

பெட்டிக்கு வருவோம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு வகுத்த கணக்கு, 150 பேருக்கு ஒரு பெட்டிக்குக் குறையக்கூடாது என்பது. 170 பேருக்கு இரண்டு. உங்கள் கட்டட அமைப்புக்குக் கட்டிங்கில் ஒன்று, தையலில் ஒன்று, சாயப்பட்டறையில் ஒன்று என்று மூன்று வைப்பதே சரி. பூட்டு கூடாது, ஆனால் பயிற்சி பெற்ற பொறுப்பாள் வேண்டும், ராத்திரி ஷிஃப்டுக்கும் ஒருவர்.

டிஞ்சரையும் மாத்திரைகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே வைக்க வேண்டியவை: நைட்ரைல் கையுறை, கிருமி நீக்கிய காஸ் சிறியதும் பெரியதும், 5 மற்றும் 10 சென்டிமீட்டர் ரோலர் பேண்டேஜ், முக்கோணத் துணி 2, 500 மில்லி சலைன் பாட்டில் 4, மருத்துவ பிளாஸ்டர், முனை மழுங்கிய கத்தரி, ஜிப் பை சிறியதும் பெரியதும், அழியாத மார்க்கர். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். கேன்டீன் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு ஐஸ் எப்போதும் இருக்கட்டும். சலைன், காஸ் இரண்டுக்கும் காலாவதி தேதி உண்டு, மாதம் ஒருமுறை பாருங்கள்.

சாயப்பட்டறை_மாஸ்டர்

ஒண்ணு விட்டுப்போச்சு. சின்னக் காயம்னாலும் விபத்துப் பதிவேட்டுல அன்னைக்கே எழுதிடுங்க. இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் காப்பீட்டுக் கழகம்) விபத்து அறிக்கை 24 மணி நேரத்துக்குள்ள போகணும், பெரிய காயம்னா உடனே. பின்னாடி விரல் மடங்கலைன்னு அந்தப் பையன் ஊனத் தொகை கேட்கறப்ப, கம்பெனியிலதான் அடிபட்டதுன்னு காட்ட அந்தத் தாள் இருக்கணும். ஒடிசாவுல இருந்து வந்த பையனுக்குப் பேச இங்க வேற ஆள் இல்லைங்க.