1281-ஆம் ஆண்டின் ஓநாய் வேட்டைப் பின்னணியில் ஒரு காதல் நாவல்: வரலாற்று உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரைக் களமாகக் கொண்டு ஒரு காதல் நாவல் எழுதி வருகிறேன். 1281 மே மாதத்தில் அரசர் முதலாம் எட்வர்டு, ஷ்ராப்ஷயர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் உள்ள ஓநாய்கள் அனைத்தையும் ஆட்கள், நாய்கள், பொறிகள் கொண்டு அழிக்கும்படி பீட்டர் கார்பெட் என்பவருக்கு ஆணையிட்டார். அந்த ஆணையிலிருந்துதான் என் கதை பிறந்தது.

நாயகன் கார்பெட்டின் வேட்டைக் குழுவைச் சேர்ந்தவன். நாயகி, நிலப்பிரபுவின் பண்ணையடிமையான ஓர் இடையனின் மகள். ஓநாய்கள் ஒழிந்தால் தந்தையின் மந்தை பிழைக்கும் என்று அறிந்திருந்தும், குட்டி ஈன்ற ஓநாய் ஒன்றின் வளையைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஓநாய்கள் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் கருச்சுமந்து இளவேனிலில் ஈனுகின்றன என்பதால், ஆணை பிறந்த மாதமும் இதற்குப் பொருந்துகிறது. ஓநாயை வெறும் கொடிய விலங்காகக் காட்ட நான் விரும்பவில்லை.

அக்காலத் திருச்சபைச் சட்டப்படி, குருவோ சாட்சியோ இல்லாமல் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லிக்கொண்டாலே திருமணம் செல்லுபடியாகும். ஆனால் பண்ணையடிமையின் மகள் மணமுடிக்க நிலப்பிரபுவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இவ்வாறு மறைவாக மணந்தவர்கள் பண்ணை நீதிமன்றத்தில் எப்படி விசாரிக்கப்பட்டார்கள் என்பதற்குச் சான்றுகள் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். ஓநாய்க் குழிகள், வலைகள், வேட்டை நாய்கள் பற்றிய நம்பகமான நூல்களையும் பரிந்துரைத்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.