வீட்டுப் பூனையும் மகளின் தும்மலும்

கேள்வி:
வணக்கம். நான்கு ஆண்டுகளாக எங்களுடன் வளரும் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சிய சில நிமிடங்களிலேயே மகளுக்குக் கண்கள் சிவந்து, அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது. மடித்து வைத்த அவளது பள்ளிச் சீருடையின் மேல்தான் அது உறங்கும். முடியை மழித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். யாருக்கும் கொடுத்துவிட மனம் வரவில்லை, என்ன செய்யலாம்?

பதில் 1:
மழிக்க வேண்டாம். ஒவ்வாமைக்குக் காரணம் முடியன்று. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ‘ஃபெல் டி 1’ என்னும் புரதமே. பூனை தன்னை நக்கும்போது அது உடலெங்கும் படிந்து, உலர்ந்து, நுண்துகள்களாகக் காற்றில் நெடுநேரம் மிதக்கிறது. ஆகவே முதலில் மகளின் படுக்கையறைக்குள் பூனையை விடாதீர்கள். சீருடையை அலமாரிக்குள் வைத்து மூடுங்கள். போர்வை, தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள்.

பதில் 2:
எங்கள் வீட்டில் தரைவிரிப்பை எடுத்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கிய பிறகே என் மூக்கடைப்பு தணிந்தது. பலன் உடனே தெரியாது. பூனையே வீட்டை விட்டுப் போனாலும் அந்தப் புரதம் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் பொறுமை வேண்டும்.

பதில் 3:
இரவில் இருமலோ, மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலியோ இருந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கக்கூடும். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.