பதினோரு நாள் நின்ற டிராக்டர்: குறை யாரிடம்?

கண்மாய்க்கரை: திருவாடானைப் பக்கம் எங்களுக்கு வானம் பார்த்த நெல். புரட்டாசியில் புழுதியில் விதைத்தால்தான் ஐப்பசி மழையில் பயிர் எழும். போன புரட்டாசியில், உழவு பாதியில் இருக்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது, என்ஜினில் இழுவை போய்விட்டது. 2023-ல் வாங்கிய 55 ஹெச்பி வண்டி. என்ஜினுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கிற ரெயில் பிரஷர் சென்சார் போச்சு என்றார்கள். அது வந்து சேர 11 நாள். மடிக்கணினியோடு ஆள் வந்து போனதற்குத் தனிக் காசு. அதற்குள் மழை விழுந்து, மூன்று ஏக்கர் தரிசாகக் கிடந்தது. பழைய வண்டியை எங்கள் ஊர் மெக்கானிக்கே சாயங்காலத்துக்குள் ஓட வைத்துவிடுவார்.

தொண்டி பட்டறை: அண்ணே, உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் கம்பெனியை மட்டும் சொல்ல மாட்டேன். 50 ஹெச்பிக்கு மேல் 2023 ஜனவரியிலிருந்து புதிய புகை விதி, அதற்குத்தான் ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பீச்சுகிற இந்தக் காமன் ரெயில் என்ஜின். ஆயிரம் பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல், அழுத்தத்தில் டீசல் போகிறது. கேனில் வாங்கி வைத்த, தண்ணீர் கலந்த டீசலை அது தாங்காது. என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்குமேல் சென்சார் நன்றாகவே இருக்கும். உப்புக்காற்றில், வயரை மாட்டுகிற கப்ளருக்குள் இருக்கும் பின் பச்சை பிடித்திருக்கும், அவ்வளவுதான். கடலைப் பார்த்த கொட்டகையில் நிறுத்துகிறோம், போலி ஃபில்டர் போடுகிறோம். அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயர், கிளட்ச், ரேடியேட்டருக்கெல்லாம் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டதே.

கண்மாய்க்கரை: விலை குறைந்தது நல்லதுதான் தம்பி. நான் பேசுவது காத்திருந்த நாளைப் பற்றி. கப்ளர் பின்னை நீங்கள் துடைத்துத் தருவீர்கள், சரி. என்ன பழுது என்று வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் எர்ரர் கோட் எண்ணைப் படிக்கிற மென்பொருள் உங்கள் பட்டறையில் இருக்கிறதா?

தொண்டி பட்டறை: இல்லை. கேட்டேன், டீலருக்கு மட்டும்தான் என்றார்கள்.

கண்மாய்க்கரை: அதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-லேயே சட்டம் போட்டது. விவசாயிக்கும் வெளிப் பட்டறைக்கும் பாகம், கையேடு, மென்பொருள் எல்லாம் கம்பெனி கொடுத்தாக வேண்டும். இங்கே 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஒரு இணையதளம் மட்டும் திறந்தது. சட்டம் வேண்டும்.

கீழக்கரை வண்டிக்காரன்: 50-க்குக் கீழே வாங்குங்கள் அண்ணே. 40 ஹெச்பி நம் நிலத்துக்குப் போதும்.

கண்மாய்க்கரை: தை அறுப்பு முடிந்ததும் வைக்கோல் கட்டும் மெஷினை இழுக்க வேண்டுமே. அந்த வாடகையில்தான் தவணை கட்டுகிறேன்.

தொண்டி பட்டறை: சட்டம் வரட்டும், முதல் ஆளாக மென்பொருளை நான் வாங்குகிறேன். ஆனால் ஆடிக்கு முன்னால் வண்டியைக் கொண்டுவாருங்கள். எல்லாக் கப்ளரையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துத் தருகிறேன்.