பியூட்டேன் எரியும் சமன்பாட்டில் மட்டும் பின்னம் வருவது ஏன்?

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவி, தண்டையார்பேட்டை):
சமையல் எரிவாயுவில் புரொப்பேனும் பியூட்டேனும் முதன்மையானவை என்பதால், அவை எரியும் சமன்பாடுகளை நானே சமன்செய்து பார்த்தேன். கார்பனை முதலிலும் ஹைட்ரஜனை அடுத்தும் ஆக்சிஜனைக் கடைசியிலும் எடுத்துக்கொண்டால், புரொப்பேனுக்கு 5 ஆக்சிஜன் மூலக்கூறுகள் என்று முழு எண்ணே கிடைக்கிறது. பியூட்டேனுக்கோ ஆறரை வருகிறது. எல்லாக் கெழுக்களையும் (சமன்பாட்டில் மூலக்கூறுகளுக்கு முன்னால் வரும் எண்களை) இரண்டால் பெருக்கலாம் என்று தெரியும். ஆனால் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்களான ஹைட்ரோகார்பன்களில் எதற்குப் பெருக்க நேரும் என்பதை முன்பே அறிய வழியுண்டா? ஆறரை என்றே விட்டுவிடுவது பிழையா?

பதில் (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், இராயபுரம்):
வழியுண்டு, அம்மா. ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை நான்கால் வகுபடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கார்பன் அணுவும் கார்பன் டைஆக்சைடாக மாற ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை முழுதாக எடுத்துக்கொள்வதால், கார்பனால் பின்னம் ஒருபோதும் வராது. ஆனால் ஒரு நீர் மூலக்கூறுக்கு ஒற்றை ஆக்சிஜன் அணுவே போதும் என்பதால், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்துதான் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை முழுதாகச் செலவிடுகின்றன. புரொப்பேனில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8; ஆக 3 + 2 = 5. பியூட்டேனில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. நான்குடன் இரண்டரை சேர்ந்து ஆறரையாகிறது. இரட்டித்தால் 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டைஆக்சைடு, 10 நீர். நிறையையும் சரிபாருங்கள்: இந்த எண்களை மோல்களாக (மூலக்கூறுகளைப் பெருந்தொகுதியாக எண்ணும் அலகு மோல்) எடுத்துக்கொண்டால், ஒரு பக்கம் 116 + 416, மறுபக்கம் 352 + 180, இரண்டும் 532 கிராம்.

ஆறரை பிழையன்று. அரை மூலக்கூறு என்று எண்ணும்போதுதான் மனம் தயங்குகிறது. ஆறரை மோல் என்றால் அது 208 கிராம் ஆக்சிஜன். எரிதல் வெப்பத்தை ஒரு மோல் எரிபொருளுக்கே குறிப்பிடுவதால், வெப்பவேதியியலில் பின்னக் கெழுவை அப்படியே வைத்திருப்பதுதான் முறை. அங்கே சமன்பாட்டை இரட்டித்தால் வெப்ப அளவையும் இரட்டிக்க வேண்டும்.

பதில் (உலைப் பிரிவுப் பணியாளர், மணலி):
ஐயா கூறிய விதி முழுமையான எரிதலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். காற்றில் ஆக்சிஜன் கன அளவில் ஏறக்குறைய 21 விழுக்காடுதான். ஆகவே ஒரு பங்கு பியூட்டேன் முழுதாக எரிய ஏறத்தாழ 31 பங்கு காற்று வேண்டும். அது குறைந்தால் சுடர் மஞ்சளாகிக் கரி படியும், நச்சான கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். கார்பன் முழுவதும் மோனாக்சைடாகவே மாறுவதாகக் கொண்டால், 2 பியூட்டேனுக்கு 9 ஆக்சிஜன்தான் செலவாகும்.

மாணவி:
இருவருக்கும் நன்றி. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் ஹைட்ரஜன் 6 இருந்தும், ஆக்சிஜன் 3 என்று முழு எண்ணாக வருகிறதே, ஐயா?

ஆசிரியர்:
எத்தனால் ஹைட்ரோகார்பன் அன்று, அம்மா. அதன் மூலக்கூறிலேயே ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறது. 2 கார்பனுக்கு இரண்டும் 6 ஹைட்ரஜனுக்கு ஒன்றரையுமாக மூன்றரை தேவை; கைவசமுள்ள அந்த அணுவுக்காக அரையைக் கழித்தால் மூன்று.