டீசல் தீர்ந்து நின்ற அம்பாசிடர்: டீசல் லைனில் ஏர் (காற்று) எடுக்க உதவி வேண்டும்

வணக்கம். அப்பாவின் 1995 மாடல் டீசல் அம்பாசிடர் நேற்று இரவு சென்னை கத்திப்பாரா அருகே டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. கேனில் 5 லிட்டர் வாங்கி ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. லைனில் காற்று புகுந்திருக்கும் என்று ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசலை ஏற்றும் கை லீவரை அடித்தேன். முதலில் நுரை, அப்புறம் சுத்தமான டீசல் வந்தது. ஆனாலும் செல்ஃப் அடித்தால் சைலன்சரில் புகைகூட வரவில்லை, அதாவது இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) வரை டீசல் போகவில்லை.

அடுத்து இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடிக்க வேண்டுமா, இன்ஜெக்டருக்கு டீசல் அனுப்பும் பம்ப்பிலேயே காற்றை வெளியேற்ற இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறதா? டேங்க் அடி அழுக்கு ஃபில்டரை அடைத்திருக்குமோ?

வண்டி இப்போது ஆலந்தூரில் தெருவோரம் நிற்கிறது. அப்பா தினமும் துடைத்து வைத்த வண்டி, பார்க்க மனசு கேட்கவில்லை. பழைய டீசல் பம்ப் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.