வளப்போரா, வளநசைப் போரா?

வணக்கம்.

எண்ணெய், தண்ணீர், கனிமம் போன்ற வளங்களுக்காக நடக்கும் போரை ஆங்கிலத்தில் 'ரிசோர்ஸ் வார்' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் இதுவரை வந்த இரண்டு சொற்களையும் எழுதிப் பார்த்தேன். 'எண்ணெய்ப் போர்' எண்ணெயோடு நின்றுவிடுகிறது. தண்ணீருக்கும் கோபால்ட்டுக்கும் வேறு சொல் தேட வேண்டும். 'வளப்போர்' சுருக்கமானது. ஆனால் வளத்துக்காக நடக்கும் போரா, வளத்தைக் கொண்டு நடத்தும் போரா? 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையை நிறுத்தி நெருக்கியதையும் அப்படிச் சொல்லிவிடலாம். '-க்காக', '-கொண்டு' என்று உறவைக் காட்டும் வேற்றுமை உருபு மறைவதால் வரும் சிக்கல்.

என் பரிந்துரை 'வளநசைப் போர்'. நசை என்றால் ஆசை. வேந்தர் படையெடுப்பைச் சொல்லும் வஞ்சித்திணைக்குத் தொல்காப்பியம் வைத்த சொல் 'எஞ்சா மண்நசை'. மண் இருந்த இடத்தில் வளத்தை வைக்கிறோம். நசை வழக்கொழிந்த சொல்தான், சரி. ஒருமுறை விளக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

ஈராக்கின் குவைத் படையெடுப்புக்கு இது அப்படியே பொருந்தும். இரு நாட்டு எல்லையில் உள்ள ருமைலா எண்ணெய் வயலில் குவைத் ஈராக்கின் எண்ணெயைத் திருடுகிறது, அளவுக்கு மீறி எடுத்து விலையைச் சரிக்கிறது என்று குற்றம் சாட்டித்தான் ஈராக் அதிபர் சதாம் உசேன் 1990 ஆகஸ்ட் 2இல் படையை அனுப்பினார்.

2003 ஈராக் போர்தான் கடினம். எண்ணெயும் அந்தக் கணக்கில் இருந்தது என்றே நான் நம்புகிறேன். ஆனால் ஈராக் 2009இல் நடத்திய எண்ணெய் வயல் ஏலங்களில் ருமைலா பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனத்துக்கும் சீன அரசு எண்ணெய் நிறுவனத்துக்கும் போனது. மேற்கு குர்னா என்ற இன்னொரு வயலின் இரண்டாம் பகுதியில் பெரும்பங்கு ரஷ்யாவின் லுக்காயில் நிறுவனத்துக்கு. அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக அள்ளவில்லை. அவர்களுக்குப் பணம் கொட்டியது வேறு வழியில்: முகாம், சாப்பாடு, எரிபொருள், லாரி என்று ராணுவத்துக்குச் செய்த ஒப்பந்த வேலைகளில். அமெரிக்க எண்ணெய்ச் சேவை நிறுவனமான ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனமாக இருந்த கேபிஆர் அதில் முன்னணி. 2000 வரை ஹாலிபர்ட்டனை நடத்தியவர் டிக் செனி. போர் தொடங்கியபோது அவர் அமெரிக்கத் துணை அதிபர்.

இதை வளநசை என்றால் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்புகிறோம். போரால் சம்பாதிப்பதற்குத் தனிச்சொல் வேண்டும்: 'போர் ஆதாயம்'. பிரித்தே எழுதுவோம், 'போராதாயம்' என்றால் கண் 'போராத' என்று படிக்கிறது. 'போர்க்கொள்ளை' வேண்டாம், அது படைவீரர் ஊரைச் சூறையாடுவதையே நினைவூட்டும்.

அப்புறம் ஈரான். அதன் பிரதமர் மொசாடெக் 1951இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் அவரைக் கவிழ்த்தன. ஈரான் எண்ணெயை எடுக்க 1954இல் போட்ட ஒப்பந்தத்தில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு பங்கு. இது போரல்ல, 'வளநசைக் கவிழ்ப்பு' எனலாம். ஆனால் அந்த நசை அரசுடையதா, நிறுவனத்துடையதா என்று பிரித்துக்காட்ட எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?