புதுப்பிப்பு: ஜெலட்டின் இல்லாத ஜெல்லி கடல்பாசியில் சரியாக வந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மீன், கறியை விட்டாயிற்று, விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினும் வேண்டாம், பாலும் தேனும் பரவாயில்லை, ஜெல்லிக்கு என்ன வழி என்று கேட்டிருந்தேன்.

கீழக்கரை அக்கா சொன்ன, நோன்பு நேரத்தில் செய்யும் கடல்பாசிதான் (கடலில் வளரும் பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர்) கைகொடுத்தது. அரை லிட்டர் தேங்காய்ப்பாலுக்கு 5 கிராம். பாசியைத் தனியாக ஊறவைத்து, இழையே தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, சூடான பாலில் கலக்க வேண்டும். வெந்நீரில் சும்மா கலக்கினால் கரையாது. எலுமிச்சைச் சாறு சேர்ப்பதென்றால் இறக்கிய பிறகுதான். புளிப்போடு கொதித்தால் இறுக்கம் குறையும்.

எதிர்பாராதது: ஃபிரிட்ஜ் இல்லாமலேயே, இந்த ராமநாதபுரம் வெயிலிலும் இறுகிவிட்டது. ஆனால் வாயில் கரையாது, கடித்துத்தான் சாப்பிட வேண்டும். மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம், கடல்பாசி செய்ய உதவும் மரிக்கொழுந்துப் பாசியை பாம்பன் பக்கம் முங்கி எடுப்பவர் எங்கள் சித்தி. விரலில் துணி சுற்றித்தான் பறிப்பார்; இருந்தும் நகக்கண்ணெல்லாம் பாறை கிழித்த தழும்பு. எந்த உயிரையும் கொல்லவில்லை என்பதோடு, பறித்த கைக்கு என்ன கூலி போகிறது என்றும் இனி பார்ப்பேன்.

கேப்சூல் உறையும் பெரும்பாலும் ஜெலட்டின்தான் என்று சொன்ன தம்பிக்கு: மருந்தில் மட்டும் விதிவிலக்கு. டாக்டர் எழுதினால் விழுங்குவேன்.